10ஜி கேபிள் மலிவுதான், டிஸ்க்தான் விலை

கல்யாண வீடியோ எடுப்பவர்கள் வீட்டு மேசை டிராயரைத் திறந்தால் வெளி ஹார்ட் டிஸ்க் அரை டஜனாவது கிடக்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி மணமக்கள் பெயரும் மாதமும் எழுதியிருக்கும், அதில் ரெண்டு இப்போது வேலை செய்யாது, எந்த ரெண்டு என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒரு கட்டத்தில் இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில், அதாவது ஒரு ஃபைல் சர்வரில், போட்டு நெட்வொர்க்கில் வைத்துவிடலாம் என்று தோன்றும். தோன்றிய கையோடு அடுத்த கேள்வியும் வரும்: "போடுறதுதான் போடுறோம், 10ஜி-யாவே போட்டுரலாமா?"

போடலாம். ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் 10ஜி, அதாவது நொடிக்கு 10 ஜிகாபிட், இணைப்பு போடுவது இன்றைக்குப் பெரிய செலவே இல்லை, பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய நெட்வொர்க் கார்டு ரெண்டு, நடுவில் ஒரு கேபிள், சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும். அந்த வேகத்துக்குத் தீனி போடுகிற டிஸ்க்தான் காசு. அதனால் திட்டத்தை கார்டிலிருந்து தொடங்காமல், நீங்கள் தினமும் கையாளும் ஃபைலிலிருந்து தொடங்கி, டிஸ்க், மதர்போர்டு ஸ்லாட், கடைசியாகக் கேபிள் என்ற வரிசையில் போக வேண்டும். தலைகீழாகப் போய் முதலில் 10ஜி ஸ்விட்ச் வாங்கிவிட்டு மிச்சக் காசில் டிஸ்க் வாங்கியவர்கள் நிறையப் பேர், அவர்கள் வீட்டில் நொடிக்கு 1,100 எம்பி போகக்கூடிய கேபிளில் 180 எம்பிதான் போய்க்கொண்டிருக்கிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். நெட்வொர்க் வேகத்தை பிட்டில் சொல்வார்கள், ஃபைல் அளவை பைட்டில், 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 1ஜி என்றால் தியரியில் நொடிக்கு 125 எம்பி, நடைமுறையில் 110 முதல் 115 வரை. 2.5ஜி-யில் 280 சொச்சம், 10ஜி-யில் 1,100 சொச்சம். டிஸ்க் பக்கம் பார்த்தால், 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் ஒன்று பெரிய ஃபைலை வரிசையாக எழுதும்போது 200 முதல் 270 எம்பி தரும், அதுவும் தட்டின் வெளி விளிம்பில் எழுதும்வரைதான். நிரம்பி உள்பக்கம் போகப் போக ஏறக்குறையப் பாதியாகிவிடும். சாட்டா வயரில் மாட்டும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) 550 எம்பி பக்கத்தில் நின்றுவிடும், மதர்போர்டில் நேராகச் சொருகும் பிசிஐஇ 3 என்விஎம்இ எஸ்எஸ்டி நல்லதாக இருந்தால் படிப்பதில் 3,000-ஐத் தாண்டும். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஒரு விஷயம் புரிந்துவிடும்: ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு 1ஜி போதாது, 2.5ஜி சரியாக இருக்கும், 10ஜி வீண். (வீட்டுக்கு வரும் இன்டர்நெட் பிளான் 100 மெகாபிட்டா 300-ஆ என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அது வெளியே போகிற வழி, நாம் பேசுவது வீட்டுக்குள் ஓடுவதை.)

இப்போது ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து மூன்று கேமரா, தலா 4 மணி நேரப் பதிவு, 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, ஆக மொத்தம் 540 ஜிபி. இதை 1ஜி-யில் சர்வருக்கு ஏற்ற 80 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். 2.5ஜி-யில் அரை மணி. 10ஜி-யில் தாளில் 8 நிமிடம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த 540 ஜிபி எங்கிருந்து வருகிறது? எஸ்டி கார்டிலிருந்து. யுஎச்எஸ்-1 வகைக் கார்டின் உச்ச வரம்பே நொடிக்கு 104 எம்பி, கையில் கிடைப்பது 90 பக்கம். கார்டைப் படிக்கவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறபோது, பின்னால் 10ஜி இருந்தால் என்ன, 1ஜி இருந்தால் என்ன. யுஎச்எஸ்-2 கார்டும் அதற்கேற்ற ரீடரும் வைத்திருப்பவர்களுக்குத்தான், உச்ச வரம்பு 312 எம்பி, 2.5ஜி வேலைக்கு ஆகிறது. கார்டு ரீடரை மாற்றுவது சர்வர் கட்டுவதைவிட எவ்வளவோ மலிவு, யாரும் அதை யோசிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

எடிட்டிங் வேறு கதை. ஃபைலை உள்ளே இழுத்துப் போடாமல் சர்வரில் வைத்தபடியே எடிட் செய்ய வேண்டும் என்பவர்களுக்கு, மேலே சொன்ன 100 மெகாபிட் ஃபுட்டேஜ் ஒன்றும் சுமையே அல்ல, நொடிக்கு 12.5 எம்பிதான், மூன்று கேமராவையும் சேர்த்து ஓட்டினாலும் 1ஜி தாங்கும். ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாகப் பதியும் ஆல்-இன்ட்ரா முறையில் 4கே 50 பிரேம் எடுக்கிறவர்களுக்கு ஒரு கேமராவே 500 மெகாபிட், அதாவது நொடிக்கு 62.5 எம்பி. மூன்று ஆங்கிளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் 187 எம்பி. இங்கே 1ஜி கைவிரித்துவிடும், 2.5ஜி தாங்கும். ஹார்ட் டிஸ்க் தாங்குமா என்பதுதான் சிக்கல். ஒரே ஃபைலை வரிசையாகப் படிப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டும் டிஸ்க், மூன்று ஃபைலை மாற்றி மாற்றிப் படிக்கச் சொன்னால் திணறும். 7200 சுற்றுத் தட்டு ஒரு முறை சுற்ற 8.3 மில்லி நொடி, அதற்கு மேல் ஹெட் நகர்கிற நேரம், ஆக நொடிக்கு 100 சொச்சம் தாவல்தான் அதனால் முடியும். டைம்லைனில் அங்கும் இங்கும் தேய்த்துப் பார்க்கும்போது படம் ஒரு கணம் உறைந்து நிற்கிறதே, பெரும்பாலும் இந்தத் தாவல்தான், கேபிள் அல்ல. நெட்வொர்க் கார்டை 10ஜி-க்கு மாற்றினாலும் அந்த உறைதல் அப்படியே இருக்கும்.

அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் ரெண்டு அடுக்காகத்தான் போடச் சொல்வேன். இப்போது கையில் இருக்கும் ரெண்டு மூன்று கல்யாணத்துக்கு ஒரு 2 டிபி என்விஎம்இ, முடிந்து கொடுத்துவிட்டவற்றுக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஜோடி. எடிட் நடப்பது எஸ்எஸ்டி-யில், ஆல்பமும் பென்டிரைவும் கைமாறிய பிறகு ஃபோல்டரை டிஸ்க்குக்கு நகர்த்திவிடுவது. 10ஜி-க்கு உண்மையான பலன் இந்த எஸ்எஸ்டி இருந்தால்தான்.

எந்த எஸ்எஸ்டி என்பதும் முக்கியம். மலிவான கியூஎல்சி (ஒரு செல்லில் நாலு பிட் அடைப்பது) வகையில் முதலில் கொஞ்ச இடத்தை வேகமான கேஷாக, அதாவது தற்காலிக இடமாக, வைத்துக்கொள்வார்கள், அது நிரம்பும்வரை பறக்கும், நிரம்பியதும் விழும். சாம்சங் 870 கியூவிஓ-வின் 1 டிபி மாடலில் அந்த கேஷ் 42 ஜிபி, அதைத் தாண்டினால் எழுதும் வேகம் நொடிக்கு 80 எம்பி என்று அவர்களுடைய விவரத் தாளிலேயே போட்டிருக்கிறார்கள். 80 எம்பி என்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவு. போனில் எடுத்த படங்களைச் சேர்த்து வைக்கிறவருக்கு 42 ஜிபி தாராளம், 540 ஜிபி-யை ஒரே மூச்சில் கொட்டுகிறவருக்கு அல்ல. டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்) வகையாகப் பார்த்து வாங்குங்கள், கேஷ் தீர்ந்த பிறகு என்ன வேகம் என்று விமர்சனங்களில் வரைபடம் போட்டிருப்பார்கள், அதைப் பார்க்காமல் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கிலும் இதே மாதிரி ஒரு ஏமாற்றம் உண்டு. புதிதாக 10ஜி போட்டவர் முதலில் ஒரு பெரிய ஃபைலை சர்வருக்கு இழுத்துப் போடுவார், விண்டோஸ் காப்பி பெட்டியில் பச்சைக் கோடு 1 ஜிபி-யைத் தொட்டு நிற்கும், உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸாப்பில் போடுவார். சில நொடியில் கோடு சரிந்து 200-ல் வந்து படுத்துக்கொள்ளும், அந்த ஸ்கிரீன்ஷாட்டை யாரும் போடுவதில்லை. நடந்தது இதுதான்: இசட்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டம் வந்த டேட்டாவை முதலில் ரேமில் வாங்கிக்கொண்டு, சில நொடிக்கொரு தடவை மொத்தமாக டிஸ்க்குக்கு எழுதுகிறது. இப்படி எழுதாமல் ரேமில் நிற்க விடும் அளவு, நாம் எதையும் மாற்றாவிட்டால், மொத்த ரேமில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி. 16 ஜிபி ரேம் உள்ள பெட்டியில் 1.6 ஜிபி, ரெண்டு நொடி வேகத்துக்குத்தான் காணும். அப்புறம் டிஸ்க் எழுதுகிற வேகத்தில்தான் நெட்வொர்க் நகரும். 'கேஷ் எஸ்எஸ்டி ஒன்று சேர்த்தால் சரியாகிவிடும்' என்று யாராவது சொல்வார்கள். இசட்எஃப்எஸ்-இல் எல்2ஆர்க் என்பது படிப்பதற்கு மட்டும்தான், ஸ்லாக் என்பது 'எழுதி முடித்தேன் என்று உறுதி சொல்' எனக் கேட்கும் எழுத்துக்கு மட்டும்தான்; விண்டோஸிலிருந்து சாதாரணமாக சர்வரின் ஷேர் ஃபோல்டருக்குக் காப்பி செய்யும்போது ரெண்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. எஸ்எஸ்டி வாங்கக் காசிருந்தால் அதைத் தனி பூலாக (தனிச் சேமிப்பு இடமாக) வைத்து நேரடியாகப் பயன்படுத்துவதே மேல்.

சரி, 2.5ஜி போதுமா? பெரும்பாலான வீடுகளுக்குப் போதும், அதுதான் என் கணிப்பு. சமீபத்திய மதர்போர்டுகளில் 2.5ஜி போர்ட் கூடவே வருகிறது, 5 போர்ட் ஸ்விட்ச் மலிவாகிவிட்டது, பழைய கேட்5இ லேன் வயரிலேயே 100 மீட்டர் ஓடும். 2016-இல் இந்தத் தரம் வெளிவந்ததே ஏற்கெனவே சுவருக்குள் போட்ட வயரை மாற்றாமல் வேகம் கூட்டத்தான். இன்டெல் ஐ225-வி சிப்பின் ஆரம்பப் பதிப்புகளில் கோளாறு இருந்தது, பழைய போர்டு வாங்கினால் அதை மட்டும் கவனிக்கவும், பிறகு வந்த ஐ226-வி, ரியல்டெக் 8125 எல்லாம் லினக்ஸில் ஓடும். எஸ்எஸ்டி பூல் போடப் போவதில்லை, ஹார்ட் டிஸ்க் ஜோடி மட்டும்தான் என்றால் 2.5ஜி-யோடு நிறுத்திக்கொண்டு மிச்சக் காசை டிஸ்க்கில் போடுங்கள்.

10ஜி வேண்டும் என்று முடிவானால், வீடு முழுவதற்கும் வேண்டாம். டிவிக்கு 4கே படம் ஓட 100 மெகாபிட்டே தாராளம், போன் எப்படியும் வைஃபைதான். வேகம் தேவைப்படுவது எடிட் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் நடுவில் மட்டும். அங்கே ஸ்விட்ச்சே தேவையில்லை, ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு நேராகக் கேபிள் போட்டால் போதும். ரவுட்டர், வைஃபை, பழைய 1ஜி இணைப்பு எல்லாம் அது அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பழைய மார்க்கெட்டில் ரெண்டு பெயர் அடிக்கடி கண்ணில் படும், இன்டெல் எக்ஸ்520, மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3. டேட்டா சென்டர்கள் 25ஜி, 100ஜி-க்குப் போனபோது கழற்றிப் போட்டவை. ரெண்டிலும் பெரும்பாலும் சாதாரண லேன் வயர் சொருகும் துவாரம் இருக்காது, எஸ்எஃப்பி பிளஸ் என்ற உலோகக் கூண்டுதான் இருக்கும். அதில் டிஏசி கேபிள் என்று ஒன்றைச் சொருகுவார்கள், ரெண்டு முனையிலும் மாட்யூல் சேர்ந்தே வரும் தடித்த செம்பு வயர், 3 மீட்டர் வரை சிக்கலில்லாமல் வேலை செய்யும், சூடாகாது, மின்சாரமும் ஏறக்குறைய எடுக்காது. சர்வரும் எடிட் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருந்தால் இதைவிட மலிவான வழி கிடையாது. வழக்கமான லேன் வயரில் 10ஜி ஓட்டும் கார்டுகளும் உண்டு, ஆனால் விலை கூட, சூடும் கூட. கனெக்ட்எக்ஸ்-3 வாங்கும்போது மாடல் எண்ணைப் படித்துப் பாருங்கள், எம்சிஎக்ஸ்311ஏ என்பது நமக்கு வேண்டிய ஒற்றை 10ஜி போர்ட், எம்சிஎக்ஸ்353ஏ என்பது கூண்டே பெரிய வேறு வகை, படத்தில் ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். எக்ஸ்520-க்கு வேறு பிராண்டு ஆப்டிக் மாட்யூல் போட்டால் ஏற்காமல் அடம்பிடிக்கும், லினக்ஸில் டிரைவருக்கு ஒரு ஆப்ஷன் கொடுத்துச் சரிசெய்யலாம், டிஏசி-யில் அந்தத் தொல்லை குறைவு. எடிட் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 இருந்தால் அந்தக் கார்டுக்கு அதில் டிரைவர் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பலர் கோட்டை விடுவது ஸ்லாட்டில். எக்ஸ்520 எட்டு லேன் கார்டு (லேன் என்று இங்கே சொல்வது ஸ்லாட்டில் டேட்டா ஓடும் தடம், நெட்வொர்க் லேன் அல்ல), பிசிஐஇ 2 தலைமுறை. மலிவு மதர்போர்டில் நீளமான ஸ்லாட் ரெண்டு இருக்கும், முதலாவதில் கிராபிக்ஸ் கார்டு, ரெண்டாவது பார்க்க நீளமாக இருந்தாலும் உள்ளே நாலு லேன்தான் ஓடும், சிலதில் ஒன்றே ஒன்று. நாலு லேன் கிடைத்தால் நொடிக்கு 2,000 எம்பி, ஒரு 10ஜி போர்ட்டுக்கு ஏராளம். ஒரு லேன் என்றால் 500 எம்பி, பாதி வேகம்கூட வராது. கனெக்ட்எக்ஸ்-3 பிசிஐஇ 3 தலைமுறை என்பதால் ஒரு லேனிலும் 985 எம்பி வரை இடம் உண்டு, 10ஜி-யை முழுசாகத் தொடாவிட்டாலும் பக்கத்தில் வரும். இன்னொரு கண்ணி: சில போர்டுகளில் ரெண்டாவது எம்.2 துவாரத்தில் எஸ்எஸ்டி போட்டால் ரெண்டு சாட்டா போர்ட் செத்துவிடும், அல்லது அந்த நீள ஸ்லாட் அணைந்துவிடும். மதர்போர்டு கையேட்டில் சின்ன எழுத்தில் அடிக்குறிப்பாக இருக்கும். பிடிஎஃப் இணையத்தில் கிடைக்கும், போர்டை வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது அந்த ஒரு பக்கம்தான்.

கார்டு சூடாகும் விஷயத்தையும் சொல்ல வேண்டும். இவை காற்று சீறிப் பாயும் சர்வர் பெட்டிகளுக்காகச் செய்தவை, அமைதியான வீட்டுக் கேபினட்டில் போட்டு ஏப்ரல் மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் ஓட்டினால் ஹீட்சிங்க்கில் விரல் வைக்க முடியாது. ஒரு சின்ன ஃபேனை கேபிள் டை போட்டு அதன்மேல் காற்று படும்படி கட்டிவிட்டால் போதும், அழகாக இருக்காது, வேலை செய்யும்.

கேபிள் மாட்டியதும் ரெண்டு பக்கமும் நிலையான ஐபி கொடுக்க வேண்டும். ரவுட்டர் 192.168.1 வரிசையில் இருந்தால் இந்த இணைப்புக்கு வேறு வரிசை, சர்வருக்கு 10.10.10.1, எடிட் கம்ப்யூட்டருக்கு 10.10.10.2, கேட்வே எதுவும் கொடுக்கக் கூடாது. பிறகு டிரைவை மேப் செய்யும்போது சர்வரின் பெயரைப் போடாமல் 10.10.10.1 என்ற எண்ணையே போடுங்கள். பெயரைப் போட்டால் விண்டோஸ் ரவுட்டர் வழியாக 1ஜி பாதையைப் பிடித்துக்கொண்டு போகலாம், 110 எம்பி-யைத் தாண்டவில்லையே என்று கார்டை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சர்வர் வேறு அறையில், வேறு மாடியில் என்றால் டிஏசி எட்டாது. சுவருக்குள் செம்பு வயர் போடுகிறவர்கள் கேட்6ஏ போட்டால் 100 மீட்டருக்கும், கேட்6 போட்டால் 55 மீட்டர் வரைக்கும் 10ஜி ஓடும், வீட்டுத் தூரத்துக்கு ரெண்டும் போதும். வயர் அசல் செம்பா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய வயரை கேட்6 என்று முத்திரை குத்தி விற்பது சகஜம். உள் கம்பியை பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள், உள்ளேயும் செம்பு நிறம் என்றால் சரி, வெள்ளி மாதிரி மின்னினால் அந்தச் சுருளைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். எனக்குக் கேட்டால் மாடிக்கு மாடி போவதற்கு ஆப்டிக் ஃபைபர்தான். ஓஎம்3 வகை, ரெண்டு மாட்யூல், 300 மீட்டர் வரை போகும், விலையும் பயப்படுகிற அளவில் இல்லை. இன்டர்நெட்டுக்கு வீட்டுக்கு வரும் ஃபைபர் வேறு வகை, மிச்சமிருந்த அந்த வயரை இதற்குப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். ஃபைபரில் மின்சாரம் பாயாது என்பது இன்னொரு லாபம். ஐப்பசி இடி மின்னலில் மாடிக்கும் கீழுக்கும் போகும் செம்பு வயர் வழியாக மின்சாரம் ஏறிவந்து ரெண்டு பக்கப் போர்ட்டையும் எரித்துவிட்டுப் போவது நம் ஊரில் புதிதல்ல.

பெட்டிக்கு என்ன செய்வது? அலுவலகங்களில் கழித்துப் போடும் டெஸ்க்டாப்கள்தான் இருப்பதிலேயே நல்ல பேரம், சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். ஆறாம் தலைமுறை ஐ5 கூட ஃபைல் சர்வருக்கு அதிகப்படிதான். சிறிய கேபினட் மாடல்களில் 3.5 அங்குல டிஸ்க் ஒன்றோ ரெண்டோதான் வைக்க முடியும், பவர் சப்ளையும் அந்தக் கம்பெனியின் சொந்த அமைப்பில் இருக்கும், நாளைக்கு டிஸ்க் கூட்ட முடியாது. கொஞ்சம் இடம் அடைத்தாலும் டவர் மாடலாகப் பாருங்கள். என்100 சிப் வைத்த சின்ன போர்டுகள் மின்சாரம் குறைவாகக் குடிக்கும், ஆனால் அந்தச் சிப்பில் மொத்தமே 9 லேன்தான், நாலு நெட்வொர்க் போர்ட்டுக்கும் சாட்டாவுக்கும் எம்.2-வுக்கும் பங்கு போட்ட பிறகு 10ஜி கார்டுக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ரேம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறிக் கிடப்பதால், டிடிஆர்4 ரேமோடு சேர்த்து விற்கும் பழைய டெஸ்க்டாப் இப்போது இன்னும் நல்ல பேரமாகத் தெரிகிறது. 16 ஜிபி போதும், 1 டிபி-க்கு 1 ஜிபி ரேம் வேண்டும் என்ற பழைய பேச்சை வீட்டு சர்வருக்குப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ரேக் சர்வர் வேண்டவே வேண்டாம். ரெண்டு சியான் (இன்டெல் சர்வர் சிப்) வைத்த பழைய சர்வர் சல்லிசாகக் கிடைக்கும், மாட்டிய நாளிலிருந்து கரண்ட் பில்லில் வசூலிக்கும். சும்மா இருக்கும்போதே 120 வாட் எடுக்கிற பெட்டி ரெண்டு மாத பில்லில் 173 யூனிட் கூட்டும், 40 வாட் பெட்டி 58 யூனிட். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கணக்கும் மாறிவிடுவதால், அந்த விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் நிஜமாகவே வலிக்கும். சத்தத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், வீட்டில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

டிஸ்க்குக்கு வருவோம், பட்ஜெட்டில் பாதிக்கு மேல் இதற்குத்தான் போக வேண்டும். சின்ன டிஸ்க் நாலைவிடப் பெரிய டிஸ்க் ரெண்டை மிரர் போடுவது, அதாவது ரெண்டிலும் ஒரே டேட்டாவை வைப்பது, எனக்குப் பிடிக்கும். சாட்டா போர்ட் மிச்சம், சூடு குறைவு, ஒன்று போனால் மாற்றுவது எளிது, அப்புறம் இடம் போதாதபோது இன்னொரு ஜோடி சேர்க்கலாம். ரெய்டு-இசட் (பல டிஸ்க்கில் பரப்பி எழுதி, ஒன்று போனாலும் மீட்கும் முறை) போட்டால் இடம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். பின்னால் ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்த்துக்கொண்டு போகும் வசதி அதற்கு 2025 ஜனவரியில் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.3-இல்தான் கிடைத்தது. எதைப் போட்டாலும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கைத் தொடாதீர்கள். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறை அது, ஒரு தடத்தை மாற்றப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும், ரெய்டில் புது டிஸ்க் மாற்றும்போது அது நாள்கணக்கில் இழுக்கும், சில சமயம் பாதியில் கைவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி மாடல்களில் இதைச் சொல்லாமல் நுழைத்தது வெளியாகிப் பெரிய சர்ச்சையானது, பிறகுதான் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் மாடல்களை ரெட் பிளஸ் என்று பிரித்தார்கள்.

புது டிஸ்க் என்று வாங்கினாலும் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. 2025 தொடக்கத்தில் சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகள், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை, ஓடிய நேரத்தை அழித்துவிட்டுப் புதியவையாக விற்கப்பட்டது ஜெர்மனியில் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது. டிஸ்க் தன்னைப் பற்றிப் பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் சுழியம் மணி நேரம் என்று காட்டிய அந்த டிஸ்க்குகளை, ஃபார்ம் என்ற இன்னொரு உள்பதிவு காட்டிக்கொடுத்தது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற சாஃப்ட்வேரின் 7.4 பதிப்பிலிருந்து அந்தப் பதிவைப் படிக்கலாம். பயன்படுத்திய டிஸ்க்கைப் பயன்படுத்தியது என்று சொல்லி, விலை குறைத்து, வாரண்டியோடு விற்றால் தாராளமாக வாங்கலாம், அதில் தவறில்லை.

சாஃப்ட்வேரில் நேரத்தை வீணாக்க வேண்டாம். சர்வருக்கான ட்ரூநாஸ் இலவசம், இசட்எஃப்எஸ் கூடவே வருகிறது, பூட் ஆக ஒரு தனி சின்ன எஸ்எஸ்டி கேட்கும். ஓபன்மீடியாவால்ட் இன்னும் இலகு. எதுவானாலும் தினசரி ஸ்னாப்ஷாட்டை (அன்றைய நிலையின் பதிவை) போட்டுவிடுங்கள், எடிட் கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் ஏறி ஷேரில் உள்ளதையெல்லாம் பூட்டினாலும் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம்.

கரண்ட் போகிற ஊரில் யுபிஎஸ் இல்லாமல் சர்வர் வைப்பதில் அர்த்தமில்லை. வீட்டு இன்வர்ட்டர் இருக்கிறதே என்றால், அதில் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் மாறுவதற்கு எடுக்கும் இடைவெளியை ஃபேன் கண்டுகொள்ளாது, கம்ப்யூட்டர் பவர் சப்ளையோ 16 மில்லி நொடி போலத்தான் தம் பிடிக்கும். யூஎஸ்பி டேட்டா போர்ட் உள்ள சின்ன யுபிஎஸ் ஒன்று, பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குச் சொல்லி அதை ஒழுங்காக அணைக்க வைக்கும். ஆரம்ப விலை மாடல்கள் பலவற்றில் அந்தப் போர்ட் இருக்காது, கேட்டு வாங்க வேண்டும்.

எல்லாம் கூடிய பிறகு வேகம் வரவில்லை என்றால் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். முதலில் ஐபெர்ஃப்3, இது டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் அளக்கும். 10ஜி-யில் 9.4 ஜிகாபிட், 2.5ஜி-யில் 2.35, 1ஜி-யில் 940 மெகாபிட் வந்தால் கேபிளும் கார்டும் ஸ்லாட்டும் நலம். 10ஜி-யில் 3 சொச்சத்திலேயே நின்றால் பெரும்பாலும் ஸ்லாட், கார்டைக் கழற்றி இடம் மாற்றுங்கள். இது சரியாக இருந்தும் காப்பி மெதுவென்றால் டிஸ்க்கையோ, அனுப்புகிற பக்கத்து எஸ்எஸ்டி-யையோ பாருங்கள். ஜம்போ ஃபிரேம் (பெரிய டேட்டா பொட்டலம்) 9000 போடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், இன்றைய சிபியு-வுக்கு அது இல்லாமலே 10ஜி நிரம்பும், ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் மறந்தால் விநோதமான கோளாறெல்லாம் வரும். ரெண்டு 1ஜி போர்ட்டை லிங்க் அக்ரிகேஷனில் கட்டினால் ஒரு காப்பி ரெட்டிப்பாகும் என்பதும் நடக்காது, ஒரு இணைப்பு ஒரு வயரில்தான் போகும்.

கடைசியாக பேக்கப். மிரர் என்பது டிஸ்க் சாவதற்கு எதிரான காப்பு, அவ்வளவுதான். திருட்டு, தீ, மின்னல், தவறாக அழித்துவிட்ட ஃபோல்டர் எல்லாவற்றுக்கும் அது வாய்பார்த்து நிற்கும். கிளவுடில் ஏற்றலாம் என்றால் கணக்கு போடுங்கள், 8 டிபி-யை 100 மெகாபிட் அப்லோடில் ஏற்ற இடைவிடாமல் ஒரு வாரத்துக்கு மேல், அதன்பின் மாதாமாதம் வாடகை. டிராயரில் கிடந்த வெளி டிஸ்க்குகளில் உயிரோடு இருப்பவற்றை இதற்குப் பயன்படுத்தலாம்: முடித்த கல்யாணத்தின் இறுதி வீடியோவையும் தேர்ந்த படங்களையும் மட்டும் காப்பி செய்து, வேறு தெருவில் இருக்கும் அக்கா வீட்டு பீரோவில் வைத்துவிடுவது. ரா ஃபுட்டேஜ் எவ்வளவு மாதம் வைத்திருப்பீர்கள் என்று வாடிக்கையாளரிடம் அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லி, ரசீதிலும் எழுதிவிடுங்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கையில் நேரம் இருக்கும், கெடு முடிந்ததையெல்லாம் அப்போது அழித்தால் தை பிறக்கும்போது சில டிபி காலியாக இருக்கும், அந்த வருஷம் புது டிஸ்க் வாங்க வேண்டியிருக்காது.